எட்டாவது கால்

நண்டுக்குக் கொடுக்கு கட்டுவதில் முத்துராஜை மிஞ்ச, ஏரிக்கரை ஊரான பசியாவரத்தில் ஆள் இருந்ததில்லை. உயிர் நண்டைக் காலால் அமுக்கி, இரண்டு கொடுக்கையும் மடக்கி, நைலான் கயிற்றில் ஒரே சுற்றில் முடிச்சுப் போட்டுவிடுவான். போன வருடம் படகு இஞ்சினின் பெல்ட் அவன் வலது கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோயிற்று. முடிச்சு வேலையும் அதோடு போனது. நண்டு வாங்கும் முதலாளி அவனைக் கைவிடாமல், குட்டையில் தீனி போடும் வேலையைக் கொடுத்தார்.

வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றித் தோல் உரித்த நண்டு மெத்தென்று இருக்கும். உள்ளே சதை இருக்காது, தண்ணீர்தான். தண்ணி நண்டு என்பார்கள், விலை போகாது. குட்டையில் விட்டு மீன் துண்டுகளை வாரி வாரிப் போட்டால் ஓடு இறுகிச் சதை பிடிக்கும். முத்துராஜுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

அப்படிப்பட்டவனுக்குச் சிலந்தி வளர்க்கிற பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று ஊரே கேட்டது. வலைக் கொட்டகையில் ஒரு தாவும் சிலந்தி குஞ்சு பொரித்திருந்தது. கடுகளவுக் குஞ்சுகள். விரலை நீட்டினால் மற்றப் பூச்சிகளைப் போல ஓடாமல், நின்று திரும்பிப் பார்த்தன. ஆசாமி அதிலேயே விழுந்துவிட்டான்.

போனில் வீடியோ பார்த்து, பிரியாணிக் கடை தயிர்ப் பச்சடி டப்பாக்களைச் சேர்க்கத் தொடங்கினான். ஒரு குஞ்சுக்கு ஒரு டப்பா. சேர்த்துப் போட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, நண்டும் அப்படித்தான். சுட்ட ஊசியால் காற்றுக்குத் துளை போட்டான். ஏறி இறங்க ஒரு குச்சி, குடிக்கச் சுவரில் ஒரு சொட்டுத் தண்ணீர். குஞ்சு உச்சியில்தான் நூலால் கூடு கட்டும், மேலே மூடி இருந்தால் திறக்கும்போதெல்லாம் கூடு பிய்ந்துவிடும் என்று வீடியோ சொன்னது. டப்பாக்களைக் கவிழ்த்து, மூடி கீழே வரும்படி அடுக்கினான்.

"இன்னாயா இது, ஊட்டுல மனுசங்க இருக்கிறதா, பூச்சிங்க இருக்கிறதா?" என்றாள் அவன் மனைவி அம்பிகா.

அவன் ஒரு டப்பாவை அவள் முன்னால் நீட்டினான். அதிலிருந்த குஞ்சுக்கு ஏழு கால்தான்.

"இது தோலு உரிச்சா கால் மொளைக்கும். நண்டுக்கு மொளைக்குதில்ல?"

"மொளைச்சா இன்னா?"

"பாக்கணும். அவ்ளோதான்."

அவ்வளவுதான் இல்லை என்று அம்பிகாவுக்குத் தெரியும். அந்தக் கால் முளைக்க வேண்டும் என்று அவன் வெறியாக ஆசைப்பட்டான். அதன் பிறகு அவள் திட்டவில்லை. குஞ்சுகளுக்குச் சின்ன ஈ வரட்டும் என்று அழுகிய வாழைப்பழத்தை ஜன்னலில் அவளே வைத்தாள்.

ஏழுகால் குஞ்சு நெல்லளவு வளர்ந்தது. பிறகு ஒருநாள் தீனியைத் தொடாமல் கூட்டுக்குள் போய் அடைத்துக்கொண்டது. தோல் உரிப்பதைப் பற்றியும் வீடியோ இருந்தது. ஓடவிட்ட உடனேயே நிறுத்திவிட்டான்.

"தோலு உரிக்கிறத நண்டுக்காரனுக்கே சொல்லித் தர்றானுங்க பாரு. உரிச்சு வந்ததும் பசிக்கும். பக்கத்துலயே தீனி இருக்கணும்."

ஏரிக்கரையில் தேடிப் பிடித்த சுவர்க்கோழிப் பூச்சியின் குஞ்சு ஒன்றை உயிரோடு டப்பாவுக்குள் விட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

சாயங்காலம் திரும்பியபோது கூடு கிழிந்திருந்தது. சுவர்க்கோழி குச்சியின் மேல் தெம்பாக உட்கார்ந்திருந்தது. கீழே உரித்த தோல் ஒரு பக்கம், சிலந்தி ஒரு பக்கம். அதன் வயிறு பாதி இல்லை.

முத்துராஜ் நின்றபடியே அந்த வீடியோவை முழுவதும் பார்த்தான். சிலந்தி சாப்பிடுவதை நிறுத்தினால் டப்பாவில் உயிருள்ள இரை எதுவும் இருக்கக் கூடாது. தோல் உரித்ததும் அதன் பல்கூட மெத்தென்றிருக்கும், இரையே கடித்தாலும் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. வீடியோவில் பேசியவன் அவசரமே இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தான்.

சிலந்தியை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். அம்பிகா போன் வெளிச்சத்தைக் காட்டி, குனிந்து எண்ணினாள்.

"ஏழு... யோவ், எட்டு! இத பாரு, முடியாட்டம் சின்னதா. மொளச்சிக்கீதுய்யா!"

அது செத்துவிட்டது என்பதையே ஒரு கணம் மறந்துவிட்டாள்.

"ஆமா, மொளச்சிக்கீது" என்றான் முத்துராஜ். "நான்தான் தீனி போட்டே கொன்னுட்டேன்."