குளிர் அறையில் மாம்பழம்

மாரண்டஹள்ளிப் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் மாதவராஜைப் பற்றி அவனுடைய அக்கா கோகிலவாணியிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை, அவளே சொல்லிவிடுவாள். "எந்தம்பி பூவு ஓசூர்ல போய் எறங்கறப்பவும் மொட்டாத்தான் இருக்கும்."

மொட்டைக் காப்பது தன் கை என்பதை மட்டும் சொல்ல மாட்டாள். எட்டாவதோடு நின்றவள். வெட்டிய பூவை உடனே வாளித் தண்ணீரில் நிறுத்துவாள். முங்கும் இலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. தண்டின் நுனியைத் தண்ணீருக்குள்ளேயே சாய்வாக மறுபடி நறுக்குவாள். வாளியைத் தேய்த்துக் கழுவி, முகர்ந்து பார்த்த பிறகுதான் தண்ணீர் ஊற்றுவாள்.

ஒரு முகூர்த்தத்துக்கு மண்டபத்தின் மணமேடை முழுக்க அவர்கள் பூ. பெரிய வியாபாரி ஒருவர் முதல்முறையாக நம்பிக் கேட்டது. குளிர் அறை நிறைய வாளிகள் நின்றன.

பூ ஏற்றிப்போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலையில் மாதவராஜின் மாமனார் பெரியண்ணன் டெம்போவில் வந்தார். வண்டி நிறையப் பழுத்த மாம்பழப் பெட்டிகள்.

"மாப்பிள்ளை, சின்னவளோட மாமியார் வூட்டுக்கு நாளைக்குச் சீர் கொண்டுபோவணும். வெயில்ல வெச்சா வீணாப்போயிருமுங்க. உங்க ரூம்புல ஒரு ஓரமா இருக்கட்டும்."

பழம் விடும் மூச்சு பூவை ஒரே நாளில் கிழடாக்கிவிடும் என்று அக்காவுக்கும் தம்பிக்கும் தெரியும்.

"பூவுக்குப் பழம் ஆகாதுங்க மாமா," என்றான் மாதவராஜ்.

"ஏன், பழம் பூவைக் கடிச்சா திங்கப்போவுது?"

தோட்டம் இருப்பது அவர் விட்டுக்கொடுத்த நிலத்தில். முதல் பெட்டியை மாதவராஜே இறக்கினான்.

மதியம் காற்றும் மழையும் வந்து கரண்ட் போனது.

"கதவைத் தொறந்து வெக்கலாமாடா?"

"தொறந்தா இருக்கற குளிரும் போயிருங்க்கா."

"சாத்துனா அந்த வாசம் உள்ளயே நிக்குமே."

சாத்தியே வைத்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் அவள் தாங்கமாட்டாமல் திறந்தாள். மாம்பழ வாசம் முகத்தில் அடித்தது. மொட்டுகள் வாய் பிளந்து கிடந்தன. வாளிக்கு வாளி தண்ணீர் மாற்றினாள், தண்டு நறுக்கினாள். ஆகாது என்று தெரிந்தேதான் செய்தாள். கை பட்ட இடமெல்லாம் இதழ் உதிர்ந்தது.

விடிந்ததும் வியாபாரியின் வண்டி வந்தது. டிரைவர் பூவைப் பார்த்தார், போனில் பேசினார், காலி வண்டியோடு திரும்பினார்.

சற்றுப் பொறுத்துப் பெரியண்ணன் வந்து பெட்டிகளைத் திறந்து பார்த்தார்.

"ஒண்ணுகூடக் கெடலை, பாரு வாணி. உங்கையி ராசியான கையி." நாலு பழம் எடுத்து நீட்டினார். "புள்ளைங்களுக்குக் குடு."

"சரிங்க மாமா." முந்தானையில் வாங்கிக்கொண்டாள்.

மாதவராஜ் இதழ்களை மிதித்தபடி பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"மெதுவாங்க மாப்பிள்ளை," என்றார் பெரியண்ணன். "பழம் அடிபட்டுரும்."