சோழவந்தான் பஸ்ஸில் பன்றி ரத்தம்

“நோவு பிள்ளைக்கு வந்துச்சு. ஊசி எதுக்கு சார் எம் பன்னிக்கு?”

சோழவந்தானுக்கு அப்பால் ஒரு வயல்வெளி ஊரில் பாண்டியம்மாள் என்னிடம் கேட்டது இது. எண்பதுகளின் தொடக்கம். நான் மதுரையில் அறிவியல் ஆசிரியர். கால்நடை மருத்துவரான நண்பர் செல்வராஜின் உதவியாள் விடுப்பில் போய்விட, சனிக்கிழமை சும்மா இருந்த என்னை அவர் இழுத்துக்கொண்டு போனார்.

அவ்வூர்ச் சிறுமி ஒருத்தி மூளைக்காய்ச்சலில் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பாண்டியம்மாளின் எட்டுப் பன்றிகள்தான் காரணம், விற்றுவிட வேண்டும் என்று ஊர்க்கூட்டம் சொல்லிவிட்டது. அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை. ரத்தச் சோதனை முடியும்வரை பொறுங்கள் என்று செல்வராஜ் கேட்டிருந்தார்.

மதுரையிலிருந்து சோழவந்தான் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். பஸ்ஸில் ஒரு மணி நேரம். வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டி, வாய்க்கால் கரையில் மூன்று கிலோமீட்டர் நடை. நடந்த களைப்பிலும் அவளுக்கு விளக்கினேன்: கரும்பலகையை அழித்த பிறகும் சாக்பீஸ் தடம் தெரியும் அல்லவா, அப்படித்தான், கிருமி வந்துபோன தடம் பன்றியின் ரத்தத்தில் இருக்கும், பன்றி நோயில் படுக்காவிட்டாலும்.

வலை வீசிப் பிடித்து, மல்லாத்தி, கழுத்து நரம்பில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தோம். கூச்சலில் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்கவில்லை. ரத்தக் குழாய்களை உடனே ஐஸ் பெட்டியில் புதைத்து, பெட்டியைப் பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு அடியில் தள்ளினோம். தவறு அதுதான். குழாயை நிழலில் சாய்த்து வைத்து, முதலில் ரத்தத்தை உறையவிட வேண்டும். அப்போதுதான் மேலே வைக்கோல் நிறத்தில் நீர் தெளியும். உறையாத ரத்தம் வழியெல்லாம் குலுங்கி, அணுக்கள் உடைந்து அந்த நீர் சிவந்துவிட்டது. சோதனைக்கு ஆகாது என்றார்கள் ஆய்வுக்கூடத்தில்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி போய் நின்றோம்.

“போன வாரம் எடுத்தத எங்கய்யா ஊத்துனீங்க?” என்றாள். செல்வராஜ் சொன்னதைக் கேட்டுவிட்டு, “இந்தத் தடவ நானே கொண்டாரேன். கெட்டா எங்கையால கெடட்டும்.”

ரத்தம் உறையும்வரை காத்திருந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

“என்னத்தா, மீனா?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“பன்னி ரத்தம்ணே.”

அவர் எழுந்து பின்னால் போனார். அடுத்த வரிசையும் காலியானது. கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடி, “இம்புட்டு எடம் எனக்கே கெடச்சதில்லத்தா. தெனம் கொண்டா” என்றார். அவள் சிரிக்கவில்லை. மதுரை வரை பெட்டியை விட்டுக் கையை எடுக்கவில்லை.

நீர் தெளிவாக வந்தது. முடிவும் தெளிவாக வந்தது: எட்டில் ஆறில் அந்தத் தடம்.

“அப்ப ஊரு சொன்னது சரிதானா?” என்று கேட்டாள்.

“பாதி சரி” என்றார் செல்வராஜ். “கிருமி பன்னியில பெருகும். மனுசனுக்குக் கொண்டாரது வயக்கொசு. பக்கத்து ஊருக்கு வித்தா, அங்கயும் வயலும் கொசுவும் இருக்குல்ல?”

ஊர்க்கூட்டத்தில் அவர் இதையே சொல்லி முடிக்கும் முன், “விக்க மாட்டேன். பாறைக் கரட்டுப் பக்கம் ஓட்டிக்கிட்டுப் போறேன். அங்கன வீடுமில்ல, வயலுமில்ல” என்றாள் பாண்டியம்மாள். கொசு அம்புட்டுத் தூரம் வராதா என்று ஒருவர் கேட்டார். தூரம் கூடக் கூடக் குறையும், அவ்வளவுதான் என்றார் செல்வராஜ். முணுமுணுப்போடு ஒப்புக்கொண்டார்கள். அவள்தான் அன்றிலிருந்து தினமும் இரண்டு நடை கரட்டுக்குத் தீனி சுமந்தாள்.

சிறுமி பிழைத்து வந்தாள். ஒரு கை மட்டும் முன்போல் இல்லை. எந்தக் கொசு, எந்தப் பன்றியிடமிருந்து என்று எந்தச் சோதனையும் சொல்லவில்லை. பாண்டியம்மாளின் கேள்விக்குப் பாதி பதில்தான் என்னிடம் இருந்தது. அதையும் அவள்தான் பத்திரமாகக் கொண்டுவந்தாள்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் காலையில் போங்கள். அந்தி சாய்ந்தபின் வாய்க்கால் கரையில் நடப்பதானால் முழுக்கைச் சட்டை வேண்டும். பஸ் ஏறும்போது இரண்டு பாட்டில்களில் பாதியளவு சோப்புத் தண்ணீர் நிரப்பி, ஒன்றைக் கடைசி சீட்டுக்கு அடியிலும் மற்றதை முன்சீட்டில் உங்கள் மடியிலும் வைத்து, சோழவந்தானில் இறங்கியதும் நுரையை ஒப்பிட்டுப் பாருங்கள்; எங்கள் முதல் வார ரத்தம் ஏன் கெட்டது என்று தெரியும்.