ஸ்டெல்லாவும் தேவராஜின் பேசாத கணினியும்

ஸ்டெல்லா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் வைட்ஃபீல்டில், எங்கள் அறக்கட்டளையின் கிளை அலுவலகத்தில், ஒரு கணினியின் முன்னால் மாட்டிக்கொண்டிருந்தேன். லினக்ஸ் இயங்குதளத்தின் பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு அப்கிரேட் ஓடிக்கொண்டிருந்தது. பாதி தாண்டியிருந்தது. எங்கள் அலுவலகத்தில் போனை எடுக்கும் தேவராஜ்தான் கூப்பிட்டார். "சார், ஸ்டெல்லா மேடம் போயிட்டாங்க சார். இப்பதான், காலைல."

அப்கிரேட்டை நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பழையதும் இருக்காது, புதியதும் வந்திருக்காது. அந்த அலுவலகத்தில் இதைத் தெரிந்தவர் என்னைத் தவிர யாரும் இல்லை. எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், ஜன்னல் வரை போய் வந்தேன், திரையில் நகரும் எழுத்துகளைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கிளம்ப முடிந்தது. மெட்ரோ பிடித்து, ஆட்டோ பிடித்து, காக்ஸ் டவுனில் ஸ்டெல்லாவின் வீட்டை அடைந்தபோது ஜெபம் முடிந்திருந்தது. "என்ன பாஸ்கர், இவ்ளோ லேட்டு?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். டிராஃபிக் என்றேன். அது பாதி பொய்.

பொய்யைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இந்த நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, அன்பானவர், கடமை தவறாதவர் என்று நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுத்திருக்கலாம். உட்கார்ந்து எழுதியும் பார்த்தேன். எழுதியதைப் படித்தால் எனக்கே எரிச்சலாக இருந்தது, கிழித்துப் போட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் அறக்கட்டளை சில சின்னப் பள்ளிக்கூடங்களை நடத்துகிறது. யார் யாரோ வேண்டாம் என்று கொடுத்த நாற்பதுக்கும் மேற்பட்ட பழைய கணினிகள். எல்லாவற்றிலும் லினக்ஸ். அவற்றை ஓட வைப்பது ஸ்டெல்லாவும் நானும். பதினோரு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். என்னைவிட இரண்டு வயது சின்னவர். பொறுமையில் என்னைவிட இருபது வயது பெரியவர். எனக்குப் பொறுமை என்பதே கிடையாது, உங்களுக்குத் தெரியும்.

ஸ்டெல்லாவுக்கு ஒரு பழக்கம். அப்கிரேட் செய்வதற்கு முந்தைய நாள், அந்தக் கணினியில் வேலை செய்பவரின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "காலைல வந்ததும் என்ன பண்ணுவீங்களோ, அதை அப்படியே பண்ணிக் காட்டுங்க" என்பார். அவர்கள் செய்யச் செய்ய நோட்டில் எழுதிக்கொள்வார். அப்கிரேட் முடிந்ததும் அதே நபரைக் கூப்பிட்டு, அதே வேலையைத் தன் கண் முன்னால் செய்யச் சொல்வார். அதன் பிறகுதான் முடிந்தது என்று குறிப்பார். எனக்கு இது சுத்த வெட்டி வேலையாகப்பட்டது. "போலீஸ் ஸ்டேஷன்ல வாக்குமூலம் வாங்கற மாதிரி இருக்கு" என்று கிண்டல் செய்வேன். "மெஷின் எழுந்திரிச்சிச்சான்னு நீங்க பாக்கறீங்க குரு. வேலைக்குப் போச்சான்னு நான் பாக்கறேன்" என்பார். கிண்டலுக்கு என்னைக் குரு என்றுதான் கூப்பிடுவார்.

ஒருமுறை கணக்குப் பிரிவு ருக்மணியின் லேப்டாப்பில் அப்கிரேட்டுக்குப் பிறகு வைஃபை காணாமல் போனது. வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளை நெட்டிலிருந்து இறக்க வேண்டும்; நெட் வரவேண்டும் என்றால் அந்த டிரைவர் வேண்டும். இதென்னடா வம்பு என்று நான் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடப் போனேன். ஸ்டெல்லா என் கையைத் தட்டிவிட்டார். தன் போனை ஒயரால் லேப்டாப்போடு இணைத்து, போனிலிருந்து நெட்டைக் கொடுத்தார். "நெட்டுன்னா காத்துலதான் வரணுமா? ஒயர்ல வந்தா உங்களுக்கு ஒத்துக்காதா?" என்று கேட்டார். ருக்மணி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ஒரு வாரம் என்னால் வெளியே தலைகாட்ட முடியவில்லை.

இனி தேவராஜ். எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தவர்களுக்கு அவர் குரல் தெரியும். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். போனை எடுப்பதும் பெற்றோர்களின் போனுக்குக் கடிதம் அனுப்புவதும் அவர் வேலை. திரையில் இருப்பதைக் கணினி வாய்விட்டுப் படிக்கும். அவர் ஹெட்போனில் கேட்டுக் கேட்டு வேலை செய்வார். எங்களுக்கெல்லாம் திரை எப்படியோ, அவருக்கு அந்தக் குரல் அப்படி. வேலை இரண்டு வருட ஒப்பந்தம். வீட்டில் மனைவியும் இரண்டு பெண்களும் அந்தச் சம்பளத்தை நம்பித்தான் இருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் புதிதாக வந்த நிர்வாகி, "இந்த வேலைக்குத் தனியா ஒருத்தர் தேவையா?" என்று வந்த மாதமே கேட்டுவிட்டார். அது தேவராஜின் காதுக்கும் போயிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டெல்லா ஒரு வாரம் லீவு போட்டார். "ஒரு சின்ன வேலை" என்றார். அது அவருடைய முதல் சிகிச்சை என்று எனக்கு அப்போது தெரியாது. போகும்போது, "நான் வர்ற வரைக்கும் அப்கிரேட் எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்குக் கை சும்மா இருக்குமா? சனிக்கிழமை ஒரே நாளில் பத்துக் கணினிகளை முடித்தேன். தேவராஜுக்கு அன்று விடுமுறை. அவர் கணினியும் அழகாக எழுந்து நின்றது. படம் தெளிவாக இருந்தது, நெட் வந்தது, பிரிண்ட் வந்தது, ஒலிக்கான சின்னம்கூட மூலையில் இருந்தது. சரி என்று குறித்துவிட்டு நகர்ந்தேன். அந்த ஹெட்போனை எடுத்து ஒரு தடவை என் காதில் வைத்துப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை தேவராஜ் எனக்குப் போன் செய்தார். "சார், சிஸ்டம் பேச மாட்டேங்குது சார்." நான் வேறொரு கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "நானே பாத்துட்டேன் தேவராஜ், எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஹெட்போன் போயிருக்கும், மாத்துங்க. சும்மா சும்மா கூப்பிடாதீங்க" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். அவர் பாவம், மத்தியானமே போய்ப் புது ஹெட்போன் வாங்கி வந்து மாட்டிப் பார்த்திருக்கிறார். அதிலும் சத்தம் இல்லை. மறுபடி என்னைக் கூப்பிட அவருக்குப் பயம். வேறு யாரிடமாவது சொன்னால், இவரால் முடியவில்லை என்று நிர்வாகியின் காதுக்குப் போய்விடுமோ என்று அதைவிடப் பயம்.

நான்கு நாள் அந்த மனிதர் எதுவும் கேட்காமல், விரல் பழக்கத்தை மட்டும் நம்பி வேலை பார்த்தார். புதன்கிழமை பெற்றோர் கூட்டத்துக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். பழைய கடிதம் ஒன்றைத் திறந்து, தெரியாமல் அதையே அனுப்பிவிட்டார்; அதில் கூட்டம் வியாழக்கிழமை என்று இருந்தது. வியாழக்கிழமை ஸ்ரீராம்புரத்திலிருந்து இருபது பேருக்கு மேல் அன்றைய கூலி வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்கள். கூட்டம் அன்றைக்கு இல்லை. நிர்வாகி என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். "கணினியில் குறை ஏதும் இல்லை, இயக்கியவரின் தவறு."

வெள்ளிக்கிழமை ஸ்டெல்லா வந்தார். முகம் வெளுத்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் பையைக்கூட வைக்காமல் தேவராஜின் மேசைக்குப் போனார். ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்தார். சத்தமே இல்லை. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கண்டுபிடித்துவிட்டார். புதிய பதிப்பு, ஒலியை ஹெட்போனுக்கு அனுப்பாமல் மானிட்டர் கேபிள் வழியாக அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. கணினி நான்கு நாளும் ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஒலி அமைப்பில் ஒரே ஒரு இடத்தை மாற்றினார். தேவராஜின் காதில் குரல் வந்ததும் அவர் இரண்டு கையாலும் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் ஸ்டெல்லாவுக்குக் கோபம் வந்தது. தேவராஜ் மேல். "ஏன்பா, நாலு நாளு வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தியா? ஒரு போன் பண்ணி பாஸ்கர்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு?" நான் பக்கத்திலேயே நிற்கிறேன். தேவராஜுக்கு நான் நிற்பது தெரியும். என் செருப்புச் சத்தம் அவருக்கு அத்துப்படி. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "தப்பாயிடுச்சு மேடம்" என்றார். நான் மென்று முழுங்கிக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

ஸ்டெல்லா நேராக நிர்வாகியிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன். "தேவராஜ் மேல தப்பில்ல. எங்க தப்பு. அப்கிரேட் பண்ணிட்டு நாங்க சரியா டெஸ்ட் பண்ணலை" என்றார். நாங்கள் என்றார். அவர் அந்த வாரம் ஊசி குத்திக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர். நான் அந்த 'நாங்க'வுக்குள் புகுந்து ஒளிந்துகொண்டேன். தேவராஜின் ஒப்பந்தம் ஒரு எச்சரிக்கையோடு புதுப்பிக்கப்பட்டது. ஸ்டெல்லா சொன்னது வாய்ப்பேச்சு. எழுத்தில் இருந்தது என்னுடைய அந்த ஒரு வரி மட்டும். இரண்டு வருடம் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தேன், சண்டை போட்டேன், ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். திங்கட்கிழமை அந்தப் போன் வந்ததை மட்டும் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று போனேன். ச்சே, என்ன மனுஷன் நான்!

ஸ்டெல்லாவை அடக்கம் செய்த மறு வாரம் நிர்வாகி என்னைக் கூப்பிட்டார். தேவராஜின் ஒப்பந்தம் மறுபடியும் வந்திருக்கிறது. கோப்பைத் திறந்து என் வரியைக் காட்டினார். "ஸ்டெல்லா மேடம் அப்ப ஏதோ சொன்னாங்க. ஆனா எழுத்துல இதுதானே இருக்கு? நீங்கதானே எழுதினீங்க?" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது? அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை, உட்கார்ந்தால் உட்காரப் பிடிக்கவில்லை. ஒரு வழியாக இதையெல்லாம் எழுத ஆரம்பித்தேன்.

இதுவரை எழுதியதை அச்சுக்குத் தருவதற்கு முன் தேவராஜுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். அவர் பேரும் இதில் வருகிறது. அவருக்குத் தெரியாமல் போடுவது நியாயம் இல்லை. அவருடைய கணினி இதை அவருக்குப் படித்துக் காட்டியிருக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

"மேடத்துக்குத் தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"நான் உங்களுக்குப் போன் பண்ணது. அன்னிக்கு சாயங்காலமே பஸ் ஸ்டாப்ல வெச்சுக் கேட்டாங்க, சொல்லிட்டேன். திட்டினதுக்கு ஸாரி கேட்டாங்க சார். 'பாஸ்கர்கிட்ட நான் கேக்க மாட்டேன், அவரே வந்து சொல்லுவாரு பாரு'ன்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் அதைப் பத்திப் பேசவே இல்ல. போன மாசம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேனே, அப்ப ஒரு தடவை கேட்டாங்க. 'பாஸ்கர் உன்கிட்டயாவது சொன்னாராப்பா'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சொன்னாரு மேடம்னு சொல்லிட்டேன் சார். ரொம்ப சந்தோஷப்பட்டாங்க."

அன்று நான் அழுதேன். வயது ஐம்பதை நெருங்குகிறது, எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அழுதேன். மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் நிர்வாகியின் அறைக்குப் போய், திங்கட்கிழமை போன் வந்ததிலிருந்து ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளைக் கொடுத்து, தேவராஜின் கோப்பில் என் பழைய வரிக்கு மேலே வைக்கச் சொன்னேன். என்னைப் பற்றி என்ன முடிவெடுப்பார் என்று தெரியாது. தேவராஜின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தாளில் என் கண் முன்னாலேயே கையெழுத்துப் போட்டார்.

ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். நான் வந்து சொல்லுவேன் என்று அவர் இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கைக்கு நான் லாயக்கில்லாதவன். ஆனாலும் அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.