சகுந்தலா மேடத்தின் பூனைப் புதினா

சகுந்தலா மேடம் கல்பாக்கம் ஊழியர் குடியிருப்பில் எனக்குப் பக்கத்து வீடு. ஆய்வகத்தில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. துணைக்கு ரங்கன் என்று ஒரு பூனை. அந்த ரங்கனுக்கு என் ஸ்கூட்டர் சீட்தான் மெத்தை. அது கிழித்து நான் தைத்து மூன்று முறை ஆயிற்று. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது.

ரங்கனுக்காகத்தான் அவர் ஊட்டியிலிருந்து கேட்மின்ட் நாற்று கொண்டுவந்தார். நாங்கள் பூனைப் புதினா என்போம். குளிர்ப் பிரதேசத்துச் செடி, இந்த உப்புக்காற்றில் ரெண்டு மாசம் தாங்காது என்று நான் கிண்டல் செய்தேன். அவர் சளைக்கவில்லை. மதியத்துக்கு மேல் மதில் நிழல் விழும் இடமாகப் பார்த்து, மண்ணில் பாதிக்குப் பாதி மணல் கலந்து நட்டார். தண்ணீரைக் கஞ்சத்தனமாகத்தான் ஊற்றுவார். பூத்து முடிந்ததும் விரல் உயரத்துக்கு வெட்டிவிடுவார். சித்திரை வெயிலில் வெறும் குச்சியாகிவிடும். ஐப்பசி மழைக்கு வேரிலிருந்து துளிர்க்கும். நாலு வருஷம் அப்படித் துளிர்த்தது. ரங்கன் இலையைக் கடித்துவிட்டு அதன் மேலேயே புரண்டு கிடக்கும்.

ஏப்ரலில் ஓய்வு பெற்றார். வீட்டைக் காலி செய்து செங்கல்பட்டுக்குப் போகிற அன்று, லாரிச் சத்தத்தில் ரங்கன் மதிலேறி ஓடிவிட்டது. செடியில் பாதியைப் பெயர்த்துக்கொண்டு அவர் மட்டும் போனார். பிறகு இரண்டு முறை கூடையோடு வந்து பார்த்தார். ரங்கன் பிடி கொடுக்கவில்லை. இரண்டாம் முறை வந்தபோது, மண்ணில் மிச்சமிருந்த குச்சிகளைக் காட்டி என்னிடம் சொன்னார்.

"சார், செத்த மாதிரிதான் இருக்கும். யாரையும் புடுங்க விடாதீங்க. மழைக்குத் துளிர்த்ததும் நாலு கிளை கூடைக்குள்ள போட்டா ரங்கன் தானா வந்து உக்காந்துடுவான்."

தலையை ஆட்டினேன்.

குடியிருப்பில் வீடு காலியானால், அடுத்தவர் குடிவருமுன் தோட்டத்தைச் சுத்தமாக வழித்துவிடுவது வழக்கம். ஜூலையில் ஆட்கள் வந்தார்கள். அன்று காலைதான் ரங்கன் நாலாவது முறையாக என் சீட்டைக் கிழித்திருந்தது.

"இன்னா சார் இது, காஞ்சி போயி கீது? புடுங்கிடவா?" என்று ஒருவர் கேட்டார்.

மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். மறக்கவில்லை. நன்றாக நினைவிருந்தது.

"புடுங்குப்பா" என்றேன்.

மாலையில் ரங்கன் அந்த வெறும் மண்ணை முகர்ந்து முகர்ந்து சுற்றியது. பிறகு அங்கேயே படுத்துக்கொண்டது. மறுநாளும் அப்படியே. எனக்குச் சோறு இறங்கவில்லை. கொஞ்சம் தயிர்ச்சோற்றைக் கொண்டுபோய் அதன் முன்னால் வைத்தேன். அப்புறம் தினமும் வைத்தேன்.

ஐப்பசி மழை தொடங்கிப் பத்து நாளில் மேடம் போன் செய்தார். "நான் கொண்டுவந்த பாதி பட்டுப்போச்சு சார். அங்க துளிர்த்துடுச்சா?"

"துளிர்க்குது மேடம்" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கூடையோடு வந்து நின்றார். மண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான்தான் பிடுங்கச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"ரங்கா" என்று கூப்பிட்டார்.

அது என் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. மேடம் குந்தி உட்கார்ந்து கையை நீட்டினார். விரல்களை முகர்ந்து பார்த்துவிட்டு, திரும்பி வந்து என் காலில் உரசியது.

மேடம் கூடையின் மூடியைச் சாத்தினார்.

"நேரத்துக்குச் சோறு வைங்க சார்" என்றார். "தயிர் புளிச்சிருந்தா சாப்பிட மாட்டான்."