காலி நாற்காலியின் கையெழுத்து

எங்கள் ஆபீஸ் வாசலில் இரண்டு போர்டுகள் தொங்கின. அரியலூர் ஸ்டேஷனுக்குப் போகிற தெருவில், ஒரே கதவுக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இடப்பக்கத்துப் போர்டு சுண்ணாம்புக்கல் வெட்டுகிற சின்னக் கம்பெனியுடையது. வலப்பக்கத்துப் போர்டு அந்தக் கல்லை முழுக்க வாங்கிக்கொள்கிற பெரிய கம்பெனியுடையது. இரண்டுக்கும் மெட்ராஸில் முதலாளி ஒரே குடும்பம்தான். உள்ளே ஒரே ஹால். மேனேஜர், அட்டெண்டர், டைப்பிஸ்ட்டாக நான். மூன்று பேருமே சின்னக் கம்பெனி ஆட்கள்.

பெரிய கம்பெனிக்கு ஜன்னலோரம் ஒரு மேஜை மட்டும் இருந்தது. நாற்காலி, பேனா ஸ்டாண்டு, காலண்டர், மூடி போட்ட ஒரு தம்ளர். ஆள் கிடையாது. ஆபீஸர் யாராவது சோதனைக்கு வந்தால் தனி ஆபீஸ் இருப்பதாகக் காட்ட வேண்டுமாம். எழுபதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அட்டெண்டர் அந்தத் தம்ளரில் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்து யாருக்கு என்று கேட்டேன்.

"சாருக்கும்மா" என்றார்.

"எந்த சாருக்கு?"

"அதெல்லாம் கேக்காத. வெக்கச் சொல்லிருக்காங்க, வெக்கிறேன்."

சாயங்காலம் அவர் அதை வெளியே கொட்டும்போது எட்டிப் பார்ப்பேன். தண்ணீர் குறைந்திருக்கும். எங்கள் ஊர் வெயிலுக்கு மூடி போட்ட தம்ளரிலும் வற்றும்தான் என்று சொல்லிக்கொள்வேன். ஐப்பசி அடைமழையிலும் குறைந்தபோது அப்படிச் சொல்லிக்கொள்வதை நிறுத்திவிட்டேன். ஆயுத பூஜைக்கு அட்டெண்டர் அந்தக் காலி நாற்காலிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மேஜைமேல் ஒரு பொட்டலம் பொரியும் வைத்தார். மறுநாள் பொட்டலம் இல்லை. எலி என்றார். எங்கள் ஆபீஸில் நான் எலியைக் கண்டதே இல்லை.

என் வேலை என்ன தெரியுமா? கடிதம் எழுதுவது. சின்னக் கம்பெனியிலிருந்து பெரிய கம்பெனிக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் அடிப்பேன். அதே மெஷினில் வேறு தாளைச் செருகி, பெரிய கம்பெனியிலிருந்து சின்னக் கம்பெனிக்குப் பதிலும் அடிப்பேன். தபாலே கிடையாது. என் வலது கையிலிருந்து இடது கைக்குப் போகும், அவ்வளவுதான். கேட்கச் சிரிப்பாக இருக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்னக் கம்பெனிக்காக அடிக்கும்போது வார்த்தை பணிவாக வரும், பெரிய கம்பெனிக்காக அடிக்கும்போது விறைப்பாக வரும். யாரும் சொல்லித் தரவில்லை. ஒருநாள் பதில் கடிதத்தில் "தங்கள் விளக்கம் எங்களுக்குத் திருப்தி அளிக்கவில்லை" என்று, மேனேஜர் சொல்லாத ஒரு வரி விழுந்திருந்தது. அடித்தது நான்தான், ஆனால் அடித்த ஞாபகம் இல்லை. மேனேஜர் படித்துவிட்டு, "அவங்க எப்பவுமே அப்படித்தான்" என்று அதைப் பைலில் கோத்துவிட்டார். எவங்க?

அனுப்பும் கடிதத்துக்கெல்லாம் நம்பர் போட ஒரு தபால் ரிஜிஸ்தர் உண்டு. கம்பெனிக்கு ஒன்றாக இரண்டு வைக்க வேண்டும். நான் சோம்பேறி. ஒரே ரிஜிஸ்தரில் இரண்டையும் வரிசையாக எழுதிக்கொண்டே போனேன். மேனேஜர் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

என் தாய்மாமன் நிலம் பெரம்பலூர் போகிற வழியில் ஒரு கிராமத்தில் இருந்தது. அடியில் சுண்ணாம்புக்கல். நிலத்தின் ஓரத்தில் மாமா வீடு, வீட்டுக்குப் பின்னால் கிணறு. மாமாவுக்கும் அத்தைக்கும் பிள்ளை குட்டி இல்லை, அந்த வீடும் கிணறும்தான் எல்லாம். சின்னக் கம்பெனி நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டது. மாமா இரண்டு நிபந்தனை சொன்னார். வீட்டிலிருந்தும் கிணற்றிலிருந்தும் அறுபதடி தள்ளித்தான் தோண்ட வேண்டும். கல் தீர்ந்ததும் பள்ளத்தை மூடிக் கொடுக்க வேண்டும்.

"இவங்க பாதியில ஓடிட்டா யாரு மூடுறது?" என்று மாமா மேனேஜரைக் கேட்டார்.

"பெரிய கம்பெனி ஜாமீன் எழுதித் தரும்ங்க. இவங்க செய்யலன்னா அவங்க செய்வாங்க" என்றார் மேனேஜர்.

மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாப்பா, அவங்க எப்பிடி? நம்பலாமா?"

உத்தியோகம் பார்க்கிற திமிர் எனக்கு. "ரொம்பப் பெரிய ஆளுங்க மாமா. கண்ண மூடிக்கிட்டு போடுங்க" என்றேன்.

ஜாமீன் பத்திரத்தை நான்தான் அடித்தேன். மேனேஜர் மெட்ராஸுக்கு ட்ரங்க் கால் போட்டுப் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அங்கேருந்து ஆள் வர நாளாகுமாம். இங்கேயே போட்டுக்கச் சொல்லிட்டாங்க. சின்னக் கம்பெனிக்கு நான் போட்டுருக்கேன். ரெண்டுலயும் ஒரே கை இருந்தா நல்லாருக்காது. நீ போடும்மா."

"என் பேரையா சார்?"

"பேரு எதுக்கு? சும்மா கிறுக்கு. மேல சீல் வெச்சுருவோம்."

சீல் அந்த மேஜையின் டிராயரில் இருந்தது. நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். இருக்கை வெதுவெதுவென்று இருந்தது, ஒருவர் அப்போதுதான் எழுந்து போனதுபோல. ஜன்னல் வெயில் என்று நினைத்தேன். பேனா என் கையில் தயங்கவே இல்லை. வளைத்து, சுழித்து, அடியில் ஒரு கோடு இழுத்து, முதலாளிமார் போடுகிற மாதிரி ஒரு கையெழுத்து. என் கைக்கு அப்படி வரும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

தோண்ட ஆரம்பித்தார்கள். முதல் வருஷம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு நல்ல கல் வீட்டுப் பக்கமாக ஓடுகிறது என்று பள்ளமும் அந்தப் பக்கமாகவே நகர்ந்தது. கிணற்றுத் தண்ணீர் பள்ளத்துக்கு வடிந்துவிட்டது. நான் போனபோது அத்தை வாளியை இறக்கிக் காட்டினாள். கீழே டங்கென்று பாறையில் மோதியது. வீட்டின் பின்சுவரிலிருந்து பதினைந்தடியில் பள்ளம் வாயைத் திறந்துகொண்டிருந்தது. உள்ளே பக்கமெல்லாம் கிளிஞ்சலும் சங்குச் சுருளும் பதிந்திருந்தன. ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்ததாம். மாமா மாட்டை அதட்டினால் கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து யாரோ அதட்டினார்கள்.

"மத்தியானமானா சொவத்துக்குள்ள மண்ணு உதுருற சத்தம் கேக்குதுடி" என்றாள் அத்தை. "வூட்டுக்குள்ள எதுவோ மென்னுக்கிட்டு கெடக்குற மாரி இருக்கு."

நானும் சுவரில் காதை வைத்துக் கேட்டேன். நிஜம்தான். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு.

அடுத்த மாதம் ஒரு காலையில் ஆபீஸுக்குப் போனால் இடப்பக்கத்துப் போர்டைக் காணோம். ஆணி அடித்த ஓட்டைகள் மட்டும் இருந்தன. சின்னக் கம்பெனியை மூடிவிட்டார்களாம். மேனேஜர் மெட்ராஸுக்குப் போய்விட்டார். எனக்குப் போனில் உத்தரவு வந்தது: இன்றுமுதல் நீ பெரிய கம்பெனி ஆள், அந்த மேஜையில் உட்கார்.

உட்கார்ந்தேன். அட்டெண்டர் வழக்கம்போலத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "நான் கேக்கலியே" என்றேன். "ஒனக்கு இல்லம்மா" என்றார். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

மாமாவின் வக்கீல் நோட்டீஸ் அந்த மேஜைக்குத்தான் வந்தது. ஜாமீன்படி பள்ளத்தை மூடிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார். மெட்ராஸிலிருந்து போனில் பதில் சொன்னார்கள், நான் அடித்தேன். "குத்தகை எடுத்த கம்பெனி வேறு, நாங்கள் வேறு. ஜாமீனில் உள்ள கையெழுத்து எங்களுடையது அல்ல. அப்படி ஒரு நபர் எங்களிடம் இல்லை." அந்தக் கடைசி வரியை அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நானே அடித்தேன் ஐயா! முடித்ததும் என் கை இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பட்டப்பகல், தெருவில் ஜனம் போகிறது, எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுவிட்டது. அப்படி ஒரு நபர் இல்லையென்றால் இங்கே உட்கார்ந்திருப்பது யார்?

சனிக்கிழமை பஸ் ஏறிப் பெரம்பலூர் போய் மாமாவின் வக்கீலைப் பார்த்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சாதாரணமா ஒரு கம்பெனி செஞ்சதுக்கு இன்னொண்ணு பொறுப்பாகாதும்மா, முதலாளி ஒருத்தரா இருந்தாலும். அண்ணன் வாங்குன வம்புக்குத் தம்பியப் பிடிக்க முடியுமா? ஆனா ரெண்டும் பேருக்குத்தான் ரெண்டு, நடந்தது ஒண்ணுதான்னு காட்டணும். இல்லன்னா, அவங்கதான் போடச் சொன்னாங்க, அவங்க ஆளுன்னு நம்ம நம்புற மாதிரி நடந்துக்கிட்டாங்கன்னு காட்டணும். எழுத்துல ஏதாச்சும் இருக்கா?"

தபால் ரிஜிஸ்தரைச் சொன்னேன். சின்னக் கம்பெனியின் கடிதம் ஒரு நம்பர், அடுத்த வரியில் பெரிய கம்பெனியின் ஜாமீன் அடுத்த நம்பர். ஒரே கை, ஒரே மை. வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கோர்ட் மூலமா வரவழைச்சுடுறேன். ஆனா நீ கூண்டேறணும். வேலை போயிடும். பொய்க் கையெழுத்துன்னு ஒம்மேலயே கேஸ் போட்டாலும் போடுவாங்க. கம்பெனிக்குத் தெரிஞ்சா ரிஜிஸ்தரக் கொளுத்திருவாங்க, அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாத, ஒங்க மாமாகிட்டயும்தான்."

எண்பதுகள் பிறந்த பிறகுதான் அரியலூர் முன்சீப் கோர்ட்டில் கூண்டேறினேன். மாமா முன்வரிசையில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்திரத்தை என்னிடம் காட்டினார்கள்.

"இது யார் கையெழுத்து?"

"என்னோடதுங்க."

ஹாலில் சலசலப்பு. கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்தார். "அப்போது நீங்கள் எந்தக் கம்பெனி ஊழியர்?"

"அதுதாங்க எனக்கே தெரியல" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் உண்மையைத்தான் சொன்னேன். பிறகு ட்ரங்க் கால், சீல், மேஜை, ரிஜிஸ்தர் எல்லாவற்றையும் சொன்னேன். பேசும்போது மாமாவைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தீர்ப்பு மாமா பக்கம் வந்தது. போர்டு மாட்டி, மேஜை போட்டு, சீல் கொடுத்து, போனில் கையெழுத்துப் போடவும் சொல்லிவிட்டு, வெட்டிய கல்லை முழுக்க வாங்கியும்கொண்ட பிறகு அது எங்கள் ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. பள்ளத்தை மூடிக் கொடு. என்மேல் கேஸ் வரவில்லை, வேலை மட்டும் போயிற்று. தொலையட்டும்.

லாரி லாரியாக மண் வந்து கொட்டியது. கடைசி லாரி போன அன்று மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். தீர்ப்புக்குப் பிறகு அவர் என் வீட்டுப் பக்கம் வந்திருக்கவில்லை. கம்பெனி ஆள் ஒருவர், வேலை முடிந்தது என்று எழுதிய தாளைக் கொண்டுவந்து மாமாவிடம் கையெழுத்துக் கேட்டார். மாமா தாளைப் படிக்கச் சொல்லவில்லை, தொடவுமில்லை. மூடிய பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணுகிட்ட குடுங்க" என்றார்.

"நீங்கதாங்க போடணும். நெலம் ஒங்க பேர்ல இருக்கு."

"கம்பெனி கையெழுத்தையே போட்டவ. மாமன் கையெழுத்து வராமலா போயிரும்?" அப்போதுதான் முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் எந்தக் கம்பெனியம்மா கண்டேன்? ஒன்னய நம்பித்தான போட்டேன்."

அத்தை உள்ளே போனாள். கம்பெனி ஆள் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் பேனாவை என்னிடம் நீட்டினார். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. பேனாவை வாங்கி மாமாவின் கைக்குள் வைக்கப் போனேன். அவர் கையை விரிக்கவில்லை.