சோற்றை விட்ட நான்கு மாதம்

எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்த அன்று வீட்டில் யாரும் கலங்கவில்லை. போடியில் நாற்பத்தைந்தைத் தாண்டிய ஏலக்காய் வியாபாரிக்குச் சர்க்கரை இல்லை என்றால்தான் ஆச்சரியப்படுவார்கள். டாக்டர் காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று மாத்திரை எழுதிக் கொடுத்து, "எடையைக் குறைங்க" என்றார். அதை அவர் எல்லோரிடமும் சொல்வார். நானும் எல்லோரையும் போலத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

எடையைக் குறைப்பது என்றால் என்ன என்று எனக்குக் காட்டியவர் என் மனைவியின் அண்ணன். கம்பத்தில் செருப்புக்கடை வைத்திருக்கிறார். ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது முதலில் அவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவ்வளவு பெரிய தொப்பை எங்கே போனதோ, சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருந்தார். பிரியாணிப் பந்தியில் கறியை மட்டும் எடுத்துத் தின்றுவிட்டுச் சோற்றை ஓரமாகத் தள்ளினார்.

"மச்சான், நம்மளக் கொல்றது கொழுப்பு இல்ல, சோறு. சோறு, இட்லி, தோசை, சீனி, பழம் எல்லாத்தையும் விட்ருங்க. முட்டை, கறி, மீனு, பன்னீரு, வெண்ணெய், எவ்வளவு வேணாலும் தின்னுங்க. வயிறு நெறையத் தின்னே எடையக் கொறைக்கலாம்."

இதைவிட நல்ல செய்தியை என் வாழ்நாளில் யாரும் சொன்னதில்லை. அந்தப் பந்தியிலேயே என்னை ஒரு வாட்சப் குழுவில் சேர்த்துவிட்டார். குழுவை நடத்துகிறவர் அன்று சாயங்காலமே ஒரு பட்டியல் அனுப்பினார். காலையில் வெண்ணெய் போட்ட டீ, கூடவே நூறு பாதாம். மதியம் காய்கறியும் பன்னீரும். ராத்திரிக்கு முட்டையோ கறியோ. பட்டியலுக்குக் கீழே சின்ன எழுத்தில், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்கவும் என்று இருந்தது. நான் அதைப் படிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் கேட்கவில்லை.

"அப்ப எனக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சமையல், ஒங்களுக்கு ஒரு சமையலா?" என்றாள் மனைவி. "பாதாமை யாரு எண்ணுறது?"

நான்தான் எண்ணினேன்.

முதல் வாரம் தலைவலி, அடுத்த வாரம் மலச்சிக்கல். மூன்றாவது வாரம் வாய் நாற்றம் என்று மகள் சொன்னாள். குழுவில் கேட்டேன். உடம்பு கொழுப்பை எரிக்கிறது, நல்ல அறிகுறி என்று பதில் வந்தது. அந்தக் குழுவில் எது வந்தாலும் நல்ல அறிகுறிதான்.

ஆனால் எடை குறைந்தது. அதில் பொய் இல்லை. எங்கள் ஏலக்காய் டிப்போவில் மூட்டை நிறுக்கும் மேடையில்தான் ஏறிப் பார்ப்பேன். முதல் நாள் தொண்ணூற்று இரண்டு கிலோ. காய் பொறுக்கும் பெண்களில் ஒருத்தி எட்டிப் பார்த்து, "ரெண்டு மூடைக்குக் கொஞ்சம் கொறச்சலு அண்ணே" என்றாள். அதிலிருந்து சனிக்கிழமைதோறும் அவர்கள் முன்னால்தான் நிறுவை. மூன்றாவது மாதம் எண்பத்தொன்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரில் மட்டும் யாரும் பாராட்டவில்லை. பள்ளிவாசலில் ஒருவர் என்னை ஓரமாக அழைத்துப் போய், "மதுரையில நல்ல டாக்டரு இருக்காரு, மறைக்காம காட்டுங்க" என்றார். அவருக்கும் நின்ற இடத்திலேயே சோற்றின் தீமையை விளக்கினேன். அந்த நாட்களில் டீக்கடையில் வடை தின்கிறவர்களைப் பார்த்தாலே எனக்கு இரக்கம் வரும்.

நான்காவது மாதம் காய் பார்ப்பதற்காக ஜீப்பில் மலைக்குப் போனேன். வெரசாகக் கிளம்ப வேண்டியிருந்ததால் பாதாமை எண்ண நேரமில்லை. வெண்ணெய் டீயைக் குடித்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறிவிட்டேன். போடிமெட்டைத் தாண்டி எஸ்டேட்டில் இறங்கி, சரிவில் கொஞ்ச தூரம் நடந்திருப்பேன். கை நடுங்கியது. மூடுபனிக் குளிரில் சட்டை நனைகிற அளவுக்கு வேர்த்தது. ஏலச்செடிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. ஒரு மரத்தடியில் உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை.

காய் பறிப்பவர்களை மேய்க்கும் கங்காணியம்மா ஓடி வந்தார். "அண்ணே, சுகர் மாத்திர போடுறீங்களா? காலைல என்ன சாப்ட்டீங்க?"

"வெண்ணெய் டீ."

"டீயில வெண்ணெயா?" என்றார். பிறகு திரும்பி, "சீனி அள்ளிப் போட்டு ஒரு கட்டஞ்சாயா கொண்டா!" என்று கத்தினார்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். பாலில்லாத அந்தத் தேநீர் வந்தபோது, "சீனி வேணாம்மா, நான் டயட்ல இருக்கேன்" என்றேன்.

"டயட்டுல கீழ போயி இருங்க. இங்க விழுந்தீங்கன்னா தூக்க நாலு ஆளு வேணும். இன்னிக்கு எனக்குப் பறிப்புக்கே ஆளு பத்தல. குடிங்க. எங்க வீட்டுக்காரருக்கும் சுகர் எறங்கி இதே மாதிரி வந்திருக்கு."

குடித்தேன். கால் மணி நேரத்தில் செடிகள் மறுபடி ஒற்றையாகத் தெரிந்தன. அவர் தன் தூக்குச்சட்டியைத் திறந்து, கப்பை என்கிற அவித்த மரவள்ளிக்கிழங்கையும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலையும் நீட்டினார். நான்கு மாதம் மாவுச்சத்தைத் தொடாதவன், ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றேன். தின்று முடித்த பிறகுதான் அது அவருடைய மதியச் சாப்பாடு என்பது உறைத்தது. "பரவால்ல, லயத்து வீட்டுல இன்னும் இருக்கு" என்றார்.

அடுத்த நாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். ரத்தப் பரிசோதனையைப் பார்த்தவர் திட்டுவார் என்று நினைத்தேன். "சர்க்கரை நல்லாவே குறைஞ்சிருக்கு" என்றார். பிறகுதான் திட்டினார். "சாப்பாட்டை இப்படி மாத்தினா மாத்திரையையும் மாத்தணும்யா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?" இரவு மாத்திரையை நிறுத்தினார், காலை மாத்திரையைப் பாதியாக்கினார். கெட்ட கொழுப்பு ஏறியிருந்ததைப் பேனாவால் வட்டமிட்டு, "வெண்ணெயை டீயில போடாதீங்க" என்றார்.

நடந்ததை அப்படியே குழுவில் எழுதினேன். நாலு பேருக்கு உதவும் என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அன்றைக்கே மச்சான் போன் செய்தார்.

"மயக்கம் வந்தத எழுதுனீங்க, சரி. கெழங்கு தின்னத எதுக்கு மச்சான் எழுதுனீங்க? எனக்குல்ல கேவலமா இருக்கு!"

அவருக்கு அந்த உணவு இன்றுவரை ஒத்துப்போகிறது. பட்டியலை ஒரு நாளும் தவறவிட்டதில்லை, சந்தோஷமாகவும் இருக்கிறார். எனக்கு இப்போது காலையில் முட்டை, மதியம் ஒரு கரண்டி சோறு, நிறையக் காய், சாயங்காலம் நடை. குறைந்த பதினொரு கிலோவில் நான்கு திரும்பி வந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையல் என்பதில் மனைவிக்கு நிம்மதி.

அந்தத் திட்டம் உண்மையிலேயே எடையைக் குறைக்குமா என்று டிப்போவுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். "கொறைக்கும், ஆனா..." என்று ஆரம்பிப்பேன். ஆனால் என்ற சொல்லைத் தாண்டி இதுவரை யாரும் நின்று கேட்டதில்லை.