வெள்ளிக்கிழமை எல்லாரையும் ‘ஏலே’ என்று கூப்பிட்ட பாட்

“எவம்டே என்னைய ஏலேன்னு கூப்பிட்டது?”

போனை எடுத்ததும் வந்த முதல் வார்த்தை இதுதான். பேசியவர் சுயம்பு அண்ணாச்சி. தொழில் தேங்காய் மொத்த வியாபாரம். மிச்ச நேரமெல்லாம், யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்று இணையத்தில் நடக்கும் ஒரு தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் நிர்வாகி. கெட்ட வார்த்தை எழுதுகிறவனைத் தடை செய்வார். ஒற்றுப்பிழை விடுகிறவனுக்கு விளக்கம் எழுதுவார். தடையே தேவலை என்று எங்களில் பலர் சொல்வோம்.

“யாரு கூப்பிட்டா அண்ணாச்சி?”

“எனக்க பேச்சுப் பக்கத்துல வந்து பாரு. ‘ஏலே மக்கா, வந்தியா? சாப்பிட்டியா?’ன்னு எழுதியிருக்கு. அடியில உங்க தானியங்கிக்க பேரு. எனக்க அப்பாவுக்குப் பொறவு என்னைய இப்படி ஒருத்தரும் கூப்பிட்டதில்ல, கேட்டியா?”

அன்று வெள்ளிக்கிழமை, நல்ல வெயில். புதுக்கடை ஜங்ஷனில் இருக்கும் என் கம்ப்யூட்டர் சென்டரில், பாஸ்போர்ட் விண்ணப்பம் போட ஓர் அக்கா வந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய பேப்பரை ஓரமாக வைத்துவிட்டு, மற்றவர்கள் சேதி எழுதிப் போடுகிற அண்ணாச்சியின் பேச்சுப் பக்கத்தைத் திறந்தேன். அவர் சொன்னது சரிதான். அவர் பக்கத்தில் மட்டும் அல்ல, அன்று கலைக்களஞ்சியத்தில் ஏதாவது ஒரு எழுத்தைத் திருத்திய எல்லாருடைய பக்கத்திலும் ‘ஏலே மக்கா’ நின்றது.

1. ஒரே கொட்டகை, பல அடுப்பு

புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக எங்கள் தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தொழில் என்றால் சம்பளம் கிடையாது. கட்டுரை எழுதுகிறவர்களுக்கு ஒத்தாசையாகக் குட்டி நிரல்கள் எழுதுவது எங்கள் வேலை. ஒன்று படங்களை வகை பிரிக்கும், ஒன்று உடைந்த இணைப்புகளைத் தேடும், ஒன்று புதியவர்களை வரவேற்கும். தானாகவே போய்த் திருத்தம் செய்கிற நிரலை நாங்கள் பாட் என்போம், அண்ணாச்சி தானியங்கி என்பார்.

இவை ஓடுவதற்கு எப்போதும் அணையாத ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். என் கடையில் மழை மேகம் எட்டிப் பார்த்தாலே கரன்ட் போய்விடும். ஆகவே, தன்னார்வலர்களுக்கென்று கடலுக்கு அப்பால் ஒரு ஹோஸ்டிங் தளம் வைத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டுக் கொட்டகையில் பலர் அடுப்பு மூட்டுவது போல, ஒரே இடத்தில் எத்தனையோ பேருடைய நிரல்கள் அங்கே ஓடும். ஒருவன் அடுப்பைப் பெரிதாக எரித்தால் அடுத்தவன் கண்ணில்தான் புகை.

ஆகவே முறைகள் உண்டு. லாகின் செய்து நுழைகிற மெஷினில் கனமான வேலை எதையும் ஓட்டக் கூடாது. அது வாசல், வாசலில் அடுப்பு வைக்கக் கூடாது. ஓட வேண்டியதை ‘ஜாப்’ என்று எழுதிக் கொடுத்தால், தளம் தனக்குள் ஓர் இடம் பார்த்து ஓட்டும். ஜாபில் இரண்டு வகை. ஒரு தடவை ஓடி முடிவது ஒன்று, நிற்காமல் ஓடுவது இன்னொன்று. இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் அண்ணாச்சி போனில் கத்திக்கொண்டிருந்தார், அது அவருக்கே தெரியாது என்றாலும்.

2. செல்வின்

இந்த பாட் நிரலை எழுதியவன் செல்வின். குலசேகரத்துக்காரன், மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். நிரல் எழுதக் கற்றதெல்லாம் போனிலும், அறையிலிருந்த பழைய லேப்டாப்பிலும்தான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வணக்கம் சொல்ல ஒரு பாட் வேண்டும் என்று பேச்சு வந்தபோது, “நான் எழுதுகேன் அண்ணே” என்று கையைத் தூக்கினான். கலைக்களஞ்சியத்தில் ஒரு பாட் நிரலுக்கு அனுமதி வாங்குவது லேசல்ல. எல்லாரும் கேள்வி கேட்பார்கள், சோதனை ஓட்டிக் காட்டச் சொல்வார்கள், பிறகும் கேட்பார்கள். எல்லாவற்றையும் தாண்டி அனுமதி வந்த அன்று, அவன் தன் வீட்டுக்கு அனுப்பிய படம் அந்த அனுமதிப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட். அவன் அம்மா அதை அயல்வீட்டுக்காரர்களுக்கெல்லாம் காட்டினாராம். “பையனுக்கு விசா புதுக்கியாச்சா?” என்று அவர்கள் கேட்டார்களாம்.

அந்த பாட்டின் கணக்கில் நான் இரண்டாம் பராமரிப்பாளன். ஆள் ஊரில் இல்லாதபோது சாவி ஒருவரிடம் இருக்க வேண்டும் அல்லவா, அதற்காக.

அந்த வாரம் அவன் வரவேற்பு வாசகத்தை மாற்றி எழுதிக்கொண்டிருந்தான். சோதிக்கும்போது நாங்கள் யாரும் நல்ல தமிழில் எழுதுவதில்லை, வாயில் வருவதை எழுதுவோம். அவன் வாயில் வந்தது ‘ஏலே மக்கா’. அதைச் சோதனைக்கென்று இருக்கும் பக்கங்களில் ஓட்டாமல் உண்மையான கலைக்களஞ்சியத்திலேயே ஓட்டினான். புதியவர்களின் பட்டியலுக்குப் பதில், அன்று திருத்தியவர்களின் பட்டியலைக் கொடுத்தான். அதையும் நிற்காமல் ஓடுகிற ஜாபாகக் கொடுத்தான். கொடுத்துவிட்டு போனை அணைத்துவிட்டுச் சர்ச்சுக்குப் போனான். மஸ்கட்டில் விடுமுறை வெள்ளிக்கிழமை, ஆராதனையும் அன்றுதான்.

3. கொன்றால் எழும்

நான் தளத்துக்குள் போய், ஓடிக்கொண்டிருந்த நிரலைப் பிடித்து நிறுத்தினேன். எங்கள் பாஷையில் இதற்குக் ‘கில்’ என்று பெயர்.

“கொன்னாச்சு அண்ணாச்சி. இனி வராது.”

போனை வைப்பதற்குள் அண்ணாச்சி, “இந்தா, திரும்ப வந்துட்டுலா!” என்றார்.

பார்த்தால், எல்லார் பக்கத்திலும் இரண்டாவது ‘ஏலே மக்கா’. மறுபடியும் கொன்றேன். “இப்ப செத்துப் போச்சு, உறுதி” என்றேன். என் பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பாஸ்போர்ட் அக்கா எழுந்து நின்றார்.

“தம்பி, எனக்க பேப்பரத் தந்துரு. நான் வேற கடையில பாத்துக்கிடுகேன்.”

“அக்கா, இது வேற விசயம். கம்ப்யூட்டருக்குள்ள...”

“எதுக்குள்ளயா இருந்தாலும் எனக்கு வேண்டாம் மக்கா. நான் பிள்ள குட்டிக்காரி.”

அவர் போய்விட்டார். நடந்தது இதுதான்: நிற்காமல் ஓடுகிற ஜாப் செத்தால், ஐயோ பாவம், ஏதோ கோளாறு என்று தளமே அதற்குத் திரும்ப உயிர் கொடுக்கும். நல்ல எண்ணத்தில் செய்துவைத்த ஏற்பாடு. உயிர் வந்ததும் பாட் பட்டியலை முதலிலிருந்து தொடங்கும். யாரிடம் ஏற்கெனவே கேட்டோம் என்று நினைவில் வைக்கிற பகுதியைச் செல்வின் இன்னும் எழுதியிருக்கவில்லை. ஆக நான் ஒவ்வொரு தடவை கொல்லும்போதும், கலைக்களஞ்சியம் முழுவதும் இன்னொரு தடவை சாப்பிட்டியா என்று விசாரணை நடக்கிறது. மூன்றாவது விசாரணையின்போதுதான் எனக்கு விளங்கியது. ஓடுகிற நிரலைக் கொன்று பயனில்லை, ஜாபையே அழிக்க வேண்டும். நான் அழித்த அதே நேரம், அண்ணாச்சி அந்த பாட்டின் கணக்குக்கே தடை போட்டார்.

4. விசாரணை

தடை போட்டதோடு அண்ணாச்சி விடவில்லை. பொதுப் பக்கத்தில் ஒரு தலைப்புத் திறந்தார். “மேற்படி தானியங்கி மூத்த பயனர்களை ஒருமையில் விளித்து, மும்முறை தொல்லை தந்துள்ளமையால், அதன் அனுமதியை நிரந்தரமாக நீக்கப் பரிந்துரைக்கிறேன்” என்று எழுதினார். போனில் பேசுகிற ஆளும் இதை எழுதுகிற ஆளும் ஒருவர்தான் என்று நம்புவது கஷ்டம்.

அனுமதி போனால் பாட் போச்சு. பாட் இல்லாமல் சும்மா கிடக்கிற கணக்கைத் தளக்காரர்களும் ஒருநாள் துடைத்துவிடுவார்கள். சர்ச் முடிந்து போனைத் திறந்த செல்வின் உடனே என்னைக் கூப்பிட்டான்.

“அண்ணே, அம்மைகிட்ட என்ன சொல்லுகது?”

“முதல்ல அங்க போய் மன்னிப்பு எழுதுடே. நான் உனக்குப் பக்கமா ரெண்டு வரி எழுதுகேன்.”

இருவரும் எழுதினோம். பெரிதாகப் பலன் இல்லை. “சோதனையில் எழுதினாலும் தமிழாக எழுத வேண்டாமா?” என்று ஒருவர் கேட்டார். ‘மக்கா’ என்றால் என்ன என்று ஈரோட்டுக்காரர் ஒருவர் கேட்க, அதற்கு ஆறேழு பேர் விளக்கம் எழுதி, விளக்கங்களுக்குள் சண்டை வந்தது.

நடுவே ரெஜினா என்ற பெயரில் ஒரு குறிப்பு. கீரிப்பாறையில் இருக்கிற பெண், செடிகொடிகளைப் படம் எடுத்து ஏற்றுகிறவர், சேர்ந்து பல மாதம் ஆகியும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதவர். அவர் எழுதியது இது:

“என்கிட்டயும் கேட்டுச்சு. யாரோ மனுசன்னு நினைச்சு, சாப்பிட்டேன், படம் ஏத்துனா அழிஞ்சு போகுது, ஏன்னு பதில் போட்டேன். திரும்பவும் சாப்பிட்டியான்னு கேட்டுச்சு. நான் சொன்னத யாரும் படிக்கலன்னு அப்பதான் தெரிஞ்சுது. ஏலேன்னு கூப்பிட்டது எனக்கு ஒண்ணும் செய்யல. சொன்ன பதிலக் கேக்க ஆளில்லாததுதான் கஷ்டமா இருக்கு.”

இதைப் படித்ததும் அண்ணாச்சி என்னைத்தான் கூப்பிட்டார்.

“டே, மத்தவங்க பக்கமெல்லாம் போய்ப் பாத்தியா?”

போய்ப் பார்த்தேன். இருபத்தைந்து இணைப்புகளுடன் கட்டம் கட்டி நாங்கள் அனுப்பும் அழகான வரவேற்புக்கு இதுவரை ஒரு ஜீவனும் பதில் போட்டதில்லை. இந்த ‘ஏலே’க்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பேர் பேசியிருந்தார்கள். சாப்பிட்டாச்சு, நீங்க? இன்னும் இல்ல, வேலை. யாருங்க, நல்லா இருக்கியளா? சுயம்பு அண்ணாச்சியின் பக்கத்திலும் முதல் கேள்விக்குக் கீழே அவர் கையெழுத்தோடு “இல்லை, இனிமேல்தான்” என்று இருந்தது.

“அண்ணாச்சி, நீங்களுமா?”

“கேட்டா சொல்லண்டாமா? ரெண்டாம் மட்டமும் கேட்டதுலதான் எனக்குக் கோவம் வந்தது. சொன்னவன மதிக்கல பாத்தியா?”

மறுநாள் அண்ணாச்சியே தன் பரிந்துரையைத் திரும்பப் பெற்றார். மூன்று நிபந்தனை. ‘ஏலே’ போக வேண்டும், “வாங்க, சாப்பிட்டீங்களா?” என்று இருக்கட்டும். ஒருவரிடம் ஒரு தடவைதான் கேட்க வேண்டும். பதில் போடுகிற ஒவ்வொருவருக்கும் தானியங்கியின் உரிமையாளர் தன் கையால் மறுமொழி எழுத வேண்டும். யாரும் எதிர்க்கவில்லை. தடை நீங்கியது. செல்வின் எழுதிய முதல் மறுமொழி ரெஜினாவுக்கு, படங்கள் அழியாமலிருக்க, யார் எடுத்தது, யார் பயன்படுத்தலாம் என்கிற உரிமக் குறிப்பை எப்படிப் போடுவது என்று.

பாட் எழுத வரும் பிள்ளைகளுக்கு இதில் இரண்டு பாடம். நிறுத்த வேண்டுமானால் ஜாபை அழித்துவிடுங்கள், நிரலைக் கொல்லாதீர்கள். இதை எந்தக் கையேட்டிலும் படிக்கலாம். மற்றது கையேட்டில் இல்லை: ஒரு கேள்வியை ஓடவிடும் முன், பதில் வந்தால் படிக்கப்போவது யார் என்று முடிவு செய்யுங்கள்.

செல்வின் இப்போது வாரம் ஒரு தடவையாவது என்னைக் கூப்பிட்டு அழுகிறான்.

“அண்ணே, இந்த அண்ணாச்சி என்னைய நல்லா மாட்டிவிட்டுட்டாரு. ஒருத்தன் சாப்பிடலன்னு போட்டிருக்கான். ஏன்னு கேட்டா, வீட்ல சண்டையாம். இதுக்கு நான் என்னத்த எழுதுகது?”

“சண்டை எதுக்குன்னு கேளுடே.”

“கேட்டேன் அண்ணே. மூணு பக்கத்துக்கு எழுதியிருக்கான்.”

“அப்ப போய்ப் படி” என்று சொல்லி போனை வைத்தேன்.